கதையில் வரும் கோளுக்கு வயது சொல்வது எப்படி?

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் வருங்காலத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவாக உடன்பாடு இல்லை. வேற்றுக்கோள் வரும் கதை ஒன்றையோ படம் ஒன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோளில் வெயில் எப்படி, தண்ணீர் உண்டா, வானத்தில் என்ன தெரிகிறது என்று கொஞ்சம் கவனித்தால் போதும், அது எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பத்து வருஷம் முன்னே பின்னே சொல்லிவிடலாம். கதை 3000-ஆம் ஆண்டில் நடப்பதாகவே இருக்கட்டும், எழுதியவருக்குக் கிடைத்த சேதி என்னவோ அவர் காலத்து டெலஸ்கோப் கொடுத்த சேதிதான்.

இதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் வானியல் எதுவும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் இருப்பது கொடைக்கானலில். இங்கே 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் ஒன்று இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் முடித்து, நேரம் மிஞ்சினால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார்கள். போகும் வழியில் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்கேயிருந்து ஏலியன் தெரியுமா சார்?" தெரியாது. பகலில் சூரியனைப் பார்ப்பதற்காகக் கட்டிய இடம் அது. ஆனாலும் தூரத்துக் கோள்களைக் கண்டுபிடிக்கும் வித்தைக்கும் இந்த மலைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் பக்கத்து வீட்டுச் செவ்வாய். 1877-இல் மிலான் நகரில் ஷியாபரெல்லி என்ற வானியலாளர் செவ்வாயைப் பார்த்து வரைந்த படங்களில் நீள நீளமான கோடுகள் இருந்தன. அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் என்ற பணக்காரர் இந்தக் கோடுகளில் மயங்கிப்போய், 1894-இல் அரிசோனாவில் சொந்தச் செலவில் ஓர் ஆய்வகமே கட்டிவிட்டார். அவை கால்வாய்கள், செவ்வாய் வறண்டுகொண்டு வருகிறது, துருவத்தில் பனி உருகும் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர அங்கிருக்கும் அறிவாளிகள் வெட்டியவை என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். அடுத்து 1898-இல் எச்.ஜி.வெல்ஸ் எழுதிய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவல் புத்தகமாக வந்தது. அதில் செவ்வாய்க்காரர்கள் பூமியின் மேல் படையெடுத்து வருவதற்குக் காரணம் என்ன தெரியுமா? அவர்களுடைய கோள் குளிர்ந்து, காய்ந்து, முடிவை நெருங்கிவிட்டது. சூரியனுக்குத் தள்ளியிருக்கும் கோள் முதலில் ஆறியிருக்கும், அதனால் அங்கே உயிரும் முன்பே தோன்றி முன்பே முதுமை அடைந்திருக்கும் என்பது அன்றைய வானியலாளர்கள் போட்ட கணக்கு. வெல்ஸ் படையெடுப்பைத்தான் கற்பனை செய்தார். கோளை அன்றைய அறிவியலிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார்.

அடுத்த அறுபது எழுபது வருஷம் கதைகளில் செவ்வாய் என்றால் இதே செவ்வாய்தான்: பாலைவனம், பழைய நகரம், நம்மைவிட மூத்த மக்கள். நம் பக்கமும் 1963-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து 'கலை அரசி' வந்ததே, வேறொரு கோளிலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊரில் சங்கீதம் இல்லை என்று பாடத் தெரிந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கோளில் காற்று உண்டா, கதாநாயகி எப்படி மூச்சு விடுகிறார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கத் தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கு எந்த விண்கலமும் இன்னொரு கோளைக் கிட்டப் போய்ப் படம் எடுத்திருக்கவில்லை.

1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது இருபத்திச் சொச்சம் படங்கள் அனுப்பியது. கால்வாய் இல்லை, நகரம் இல்லை, பள்ளம் பள்ளமாக நம் நிலா மாதிரியான தரை. காற்றழுத்தமோ பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அதோடு செவ்வாய்க்காரர்கள் கதையிலிருந்து விடைபெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த கதைகளில் செவ்வாயில் இருப்பது நாம்தான், அதுவும் கூடாரத்துக்குள், ஆக்ஸிஜனை எண்ணி எண்ணி. ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கும் படம்கூடப் பார்த்திருப்பீர்கள். கொடைக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் உருளையும் போடுகிறவர்களிடம் அதைக் காட்டினால் முதலில் மண்ணைப் பற்றித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2008-இல் ஃபீனிக்ஸ் என்ற லேண்டர் செவ்வாய் மண்ணைத் தோண்டிப் பார்த்ததில் பெர்குளோரேட் என்ற உப்பு இருந்தது, அது தைராய்டுக்கு ஆகாது. இனி எழுதுகிறவர் அந்த மண்ணைக் கழுவாமல் விதைக்க முடியாது.

வெள்ளிக்கும் இதே கதிதான். எப்போதும் மேகம் மூடியிருப்பதால் கீழே மழையும் சேறும் காடும் இருக்கும் என்று நினைத்தார்கள், கதைகளில் ராட்சத ஜந்துக்கள் உலவின. 1962-இல் மாரினர் 2 பக்கத்தில் போய்ப் பார்த்தது, 1970-இல் சோவியத்தின் வெனிரா 7 தரையிலேயே இறங்கியது. வெப்பம் 460 டிகிரி செல்சியஸுக்கு மேல், காற்றழுத்தம் பூமியைப் போல 90 மடங்கு. காடு காலி.

புதனின் கதை இன்னும் வேடிக்கை, இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். புதன் எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டியபடி சுற்றுகிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். ஒரு பாதி தீராத பகல், மறுபாதி தீராத இரவு, நடுவில் அந்தி வெளிச்சத்தில் ஒரு வளையம். அந்த வளையத்தில் மனிதர்கள் குடியிருப்பதாகக் கதைகள் வந்தன. 1965-இல் அரெசிபோ ரேடார் மூலம் அளந்து பார்த்தால் புதன் 59 நாளுக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது! புதனின் இருட்டுப் பக்கத்தை வைத்து ஓர் அமெரிக்க எழுத்தாளர் எழுதிய முதல் கதை 1964 கடைசியில்தான் அச்சில் வந்திருந்தது. பாவம், மை காய்வதற்குள் கோள் மாறிவிட்டது.

சரி, இதெல்லாம் நம் சூரியனைச் சுற்றும் கோள்கள். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களுக்குப் புறக்கோள்கள் என்று பெயர். இவற்றை ஏன் நேரே பார்த்துவிட முடியவில்லை? இரவில் வத்தலகுண்டு மலைப்பாதையில் ஏறும்போது எதிரே ஒரு பஸ் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது, அந்த விளக்கின் முன்னால் ஒரு பூச்சி பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைவிடப் பலமடங்கு நுட்பமான கருவி இருந்தால், பூச்சி குறுக்கே போகும் நேரத்தில் வெளிச்சம் துளி குறைவதை அளந்துவிடலாம். புறக்கோள்களில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் சூரியனை வெளியிலிருந்து யாராவது இப்படிப் பார்த்தால், வியாழன் குறுக்கே போகும்போது ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும், பூமி போனால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. 2012 ஜூன் 6 காலையில் ஃபில்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு சூரியன் மேல் வெள்ளி ஒரு கரும்பொட்டாக நகர்ந்ததைப் பார்த்தவர்கள் இந்த முறையைத் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

இன்னொரு முறை இருக்கிறது, அதற்குத்தான் கொடைக்கானல் வேண்டும். கோள் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்று சொல்கிறோம், கறாராகச் சொன்னால் இரண்டுமே ஒரு பொதுவான மையத்தைச் சுற்றுகின்றன. கோள் இந்தப் பக்கம் இழுக்க, நட்சத்திரம் லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் கொஞ்சம் நகரும். ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால் அதில் தெரியும் கருங்கோடுகள் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்து வேகத்தைச் சொல்லிவிடலாம். டாப்ளர் விளைவு என்பார்கள். 1909 ஜனவரியில் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையில் இதே மாதிரி கோடுகள் நகர்வதைக் கண்டு, கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். தேடியது வேறு பொருள், அளந்த வித்தை அதேதான்.

இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. கொடைக்கானல் ஆய்வகத்தின் தாய்வீடு நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகம். அதன் பொறுப்பில் இருந்த கேப்டன் ஜேக்கப் 1855-இல் 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் ஏதோ கோணல் தெரிகிறது, அங்கே கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். சூரிய மண்டலத்துக்கு வெளியே கோள் இருப்பதாக அளவுகளை வைத்துச் சொன்ன மிகப் பழைய அறிவிப்புகளில் அது ஒன்று. கணக்கு தப்பு, அந்தக் கோள் இல்லை. இருந்தாலும் செவ்வாயில் கோடு பார்ப்பதற்கு இருபது வருஷம் முன்னாலேயே சென்னையில் ஒருவர் புறக்கோள் தேடிக்கொண்டிருந்தார் என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் இருந்திருக்கலாம்.

உண்மையிலேயே கிடைத்த முதல் புறக்கோள்கள் யாரும் நினைக்காத இடத்தில் இருந்தன. 1992-இல் பல்சர் ஒன்றைச் சுற்றிக் கோள்கள் இருப்பதாக உறுதியானது. பல்சர் என்பது செத்துப்போன பெரிய நட்சத்திரத்தின் மிச்சம், சீராக ரேடியோ துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வந்ததை வைத்துத்தான் கோள்களைப் பிடித்தார்கள். பல்சர்களைக் கேட்கும் தொலைநோக்கி ஒன்று நீலகிரியிலேயே இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரியைச் சேர்ந்தது, அதே அளவு சரிவுள்ள மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து அதன் மேலேயே வைத்துவிட்டார்கள், அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே திசையில் திருப்பினாலே மணிக்கணக்கில் ஒரு பொருளைத் தொடர முடிகிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் தொட்டபெட்டாவோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் சொந்த வருத்தம்.

ஆனால் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது 1995 அக்டோபரில் மிஷெல் மேயரும் திதியே கெலோவும் அறிவித்த 51 பெகாசி பி. சூரியனைப் போன்ற நட்சத்திரத்தைச் சுற்றிக் கிடைத்த முதல் கோள் அது. 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கோளின் எடை வியாழனில் பாதியளவு, ஆனால் நட்சத்திரத்தை ஒரு முறை சுற்ற அதற்கு ஆகும் காலம் 4.2 நாள்! நம் வியாழனுக்கு 12 வருஷம் ஆகிறது. புதனைவிடப் பலமடங்கு நெருக்கத்தில், கிட்டத்தட்ட ஆயிரம் டிகிரி சூட்டில், ஒரு ராட்சத வாயுக்கோள். அந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டுவது நமக்கு சுலபம். பூரட்டாதி என்று நாம் சொல்வது இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். அந்த இரண்டுக்கும் இடையில், கோட்டிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி மங்கலாக இருக்கிறது. மழை விட்ட ஜனவரி மாதத்து முன்னிரவில், ஊர் வெளிச்சம் படாத இடத்தில் பைனாகுலர் இருந்தால் தேடிப் பிடித்துவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1995-க்கு முன்னால் வந்த ஆயிரக்கணக்கான விண்வெளிக் கதைகளில் இந்த மாதிரிக் கோளை, நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றும் ராட்சதனை, தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ஏன்? எழுதியவர்கள் கையில் ஒரே ஒரு மாதிரி இருந்தது, நம் சூரிய மண்டலம். சின்னக் கல்கோள்கள் உள்ளே, பெரிய வாயுக்கோள்கள் வெளியே. எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். 1952-லேயே ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர், பெரிய கோள் நட்சத்திரத்துக்கு மிக அருகில் ஏன் இருக்கக்கூடாது, இருந்தால் நட்சத்திரத்தின் ஆட்டத்தையோ ஒளி குறைவதையோ வைத்துப் பிடித்துவிடலாமே என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். நாற்பது வருஷத்துக்கு மேல் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனுஷக் கற்பனைக்கு எல்லையே இல்லை என்று மேடையில் சொல்லும்போது எனக்கு இந்தக் கட்டுரைதான் ஞாபகம் வரும்.

"அப்படியென்றால் இரண்டு சூரியன்?" என்று கேட்பீர்கள். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பாலைவனக் கோள் ஒன்றில் இரண்டு சூரியன்கள் மறையும். 2011-இல் கெப்ளர் தொலைநோக்கி கண்டுபிடித்த கெப்ளர்-16பி உண்மையிலேயே இரண்டு நட்சத்திரங்களைச் சுற்றுகிறது. சினிமா முன்பே சொல்லிவிட்டது என்று செய்திகள் வந்தன. ஆனால் இரட்டை நட்சத்திரங்கள் வானத்தில் ஏராளம் என்பது இருநூறு வருஷமாகவே தெரிந்த விஷயம், மேலே சொன்ன ஜேக்கப் பார்த்ததே ஓர் இரட்டை நட்சத்திரத்தைத்தான். படம் எடுத்தவர்கள் இருந்த அறிவியலை அழகாகப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான், அதுவே பெரிய காரியம். நிஜக் கோளில் பாலைவனம் கிடையாது, நிற்கத் தரையே கிடையாது. சனியின் அளவுக்கு ஒரு குளிர்ந்த கோள் அது.

கெப்ளருக்கு அடுத்து டெஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கி வந்தது. இன்று தெரிந்த புறக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. வகைகளைச் சொல்லி மாளாது. எச்டி 189733பி என்ற நீலநிறக் கோளில் மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகக் காற்றில் கண்ணாடித் துகள் பறக்கலாம் என்கிறார்கள், வாஸ்ப்-76பி-யில் இரும்பு ஆவியாகி மழையாக இறங்கலாம் என்கிறார்கள். கதைகளில் கண்ணாடி மழை பெய்தால் அது 2010-க்குப் பிறகு எழுதியது என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.

எனக்கு மிகப் பிடித்தது சிவப்புக் குள்ளன்களின் கதை. நம் பால்வீதியில் நான்கில் மூன்று நட்சத்திரங்கள் சூரியனைவிடச் சிறியதாக, மங்கலாக, சிவந்து இருப்பவை. அடுப்பு சின்னது என்பதால் குளிர் காய்கிறவர் கிட்டே உட்கார வேண்டும், ஆனால் மிகக் கிட்டே இருக்கும் கோளை நட்சத்திரத்தின் ஈர்ப்பு பிடித்து நிறுத்திவிடும், நம் நிலா பூமிக்கு ஒரே முகம் காட்டுகிறதே அப்படி. ஒரு பாதி தீராத பகல், மறுபாதி தீராத இரவு, நடுவில் அந்தி வளையம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? புதனிடமிருந்து 1965-இல் பிடுங்கிய அதே படம்தான், நாற்பது ஒளியாண்டு தள்ளி மறுபடி முளைத்திருக்கிறது. 2016-இல் நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரியில் ஒரு கோள், 2017-இல் டிராப்பிஸ்ட்-1 என்ற குள்ளனைச் சுற்றி மொத்தம் ஏழு கோள்கள். ஏழும் சேர்ந்து புதனின் பாதைக்குள்ளேயே அடங்கிவிடும். உள்ளே இருப்பதற்கு வருஷம் ஒன்றரை நாள், கடைசியில் இருப்பதற்கு 19 நாள். ஒன்றின் தரையில் நின்றால் பக்கத்துக் கோள் சில நேரம் நம் நிலாவைவிடப் பெரிதாகத் தெரியும்.

முன்பெல்லாம் இந்த மாதிரிக் கோளில் இருட்டுப் பக்கத்தில் காற்றே உறைந்து விழுந்துவிடும், உயிர் வாழ வழியில்லை என்று நினைத்தார்கள். 1997-இல் கணினியில் போட்டுப் பார்த்தபோது, ஓரளவு வளிமண்டலம் இருந்தாலே போதும், பகல் பக்கத்து வெப்பத்தைக் காற்று மறுபக்கம் கொண்டுபோய்விடும் என்று தெரிந்தது. இதற்குப் பிறகுதான் சிவப்புக் குள்ளனின் கோளில் மனிதர் குடியேறும் கதைகளுக்குத் தைரியம் வந்தது. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி டிராப்பிஸ்ட் குடும்பத்தின் உள்வீட்டுக் கோளை அளந்தால் பகல் பக்கம் 230 டிகிரி, சொல்லிக்கொள்ளும்படி காற்றில்லை. அடுத்ததிலும் கனமான கரியமில வாயு வளிமண்டலத்துக்குத் தடயம் இல்லை. ஏழிலும் கடலும் காடுமாக 2018-இல் எழுதிய கதை இப்போதே கொஞ்சம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. நான்காவதாக இருக்கும் 'இ' பற்றிய ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கோள் இருக்கிறது என்பதே சில சமயம் மாறிவிடும். 2007-இல் கிளீஸ 581 என்ற சிவப்புக் குள்ளனைச் சுற்றி 'டி' என்று ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள், உயிர் வாழத் தகுந்த தூரம் என்று ஒரே பேச்சு. 2009-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்து பொதுமக்கள் எழுதிய சுமார் 26,000 குறுஞ்செய்திகளை ரேடியோவில் அந்தக் கோளுக்கு அனுப்பியும் வைத்தார்கள். 2014-இல் வந்த ஆய்வு, நட்சத்திரத்தின் முகத்தில் இருந்த புள்ளிகளும் காந்த நடமாட்டமும்தான் கோள் போல வேஷம் போட்டன என்றது, இன்று பெரும்பாலோர் அந்தக் கோளைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. செய்திகள் மட்டும் போய்க்கொண்டிருக்கின்றன. நட்சத்திரப் புள்ளிகள் எப்படி ஏமாற்றும் என்று படிப்பதற்கு நம்மிடம் கிட்டத்தில் இருக்கும் ஒரே நட்சத்திரம் சூரியன், அதன் முகத்தை 1904-லிருந்து படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் இடம் கொடைக்கானல். ஏலியன் தெரியுமா என்று கேட்கிறவர்களிடம் இவ்வளவையும் சொல்ல நேரம் இருப்பதில்லை.

இப்போது எழுதப்படும் கதைகளில் கடல்தான் அதிகம். பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவில் கோள்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன, நம் சூரியனிடம் மட்டும் அந்த ரகம் ஒன்றுகூட இல்லை. அவற்றில் சில முழுக்கக் கடலாக இருக்கலாம் என்ற யோசனை 2003 வாக்கில் வந்தது, 2014-இல் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் முழங்கால் தண்ணீரும் மலையளவு அலையுமாக ஒரு கோள் வந்தது. 124 ஒளியாண்டு தள்ளியிருக்கும் கே2-18பி என்ற இந்த ரகக் கோளின் காற்றில் மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதாகக் கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதன் குழு 2023-இல் சொன்னது. 2025 ஏப்ரலில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் விடும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவுக்கும் அறிகுறி இருக்கிறது என்றது. தரவு அவ்வளவு வலுவாக இல்லை என்று மற்ற குழுக்கள் மறுக்கின்றன. எனக்கும் இப்போதைக்கு மறுப்பவர்கள் பக்கமே சாய்வு. ஆனால் எழுத்தாளர்கள் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் வேண்டாம்.

பத்தாவது படிக்கும் என் அக்கா மகன் கதை எழுதுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். "மாமா, ரெண்டு சூரியன் போடலாமா?" என்றான். "அதுக்கு வயசாகிப்போச்சுடா, டிராப்பிஸ்ட்-1 இ எடுத்துக்கோ, அதோட வருஷம் 6.1 நாள், மத்ததை நீயே கணக்குப் போடு" என்றேன். போட்டான். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் என்றால் அங்கே 73 நாளுக்கு ஒரு முறை பூக்க வேண்டும். இன்று பிறக்கும் பிள்ளைக்கு 366-ஆவது நாள் அறுபதாம் கல்யாணம். அத்தோடு அவனுக்கு ஒரு சிக்கல். ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்துதான் கணக்கிடுகிறோம், அங்கே சூரியன் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. பகல் பக்கத்துக் குடிகளுக்கு ராகு காலம் முடியவே முடியாதா, இல்லை வரவே வராதா என்று அவன் பாட்டியிடம் கேட்கப் போயிருக்கிறான்.